வண்டி நம்பர் பி.ஒய்... ஓட்டு எங்கே சார்?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். முத்தியால்பேட்டை, புதுச்சேரி. அதை ஒட்டியே கோட்டக்குப்பம், தமிழ்நாடு. பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், அதுவும் தமிழ்நாடு. அப்புறம் காலாப்பட்டு... மறுபடியும் புதுச்சேரி! யூனிவர்சிட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் திரும்பவும் தமிழ்நாடு. கண்டக்டர் சில்லறை எண்ணி முடிப்பதற்குள் மூன்று தடவை அரசாங்கம் மாறிவிடும். (அந்தக் காலத்தில் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் பங்கு பிரித்த லட்சணம்!)

இந்தச் சாலையில் பெரிய முதலியார்சாவடிப் பக்கம் இடது கையில் திரும்பி ஆரோவில் பாதையில் போனால் வருவது குயிலாப்பாளையம். விழுப்புரம் ஜில்லா, வானூர் தாலுகா. பேக்கரி, வாடகை பைக், காபிக் கடை, வெள்ளைக்காரர்கள் ஓட்டும் மொபெட் என்று ஊர் எப்போதும் கலகலப்பாக இருக்கும். இந்த ஊர்ப் பையன்களுக்கு ஒரு விசேஷம். வீடு தமிழ்நாடு, வேலை புதுச்சேரி. சினிமாவும் புதுச்சேரி, ஜவுளியும் புதுச்சேரி. வண்டி நம்பரில்கூட 'பி.ஒய்.' எழுத்தைத் தாராளமாகப் பார்க்கலாம்.

எல்லாம் சரி. ஓட்டு எங்கே?

கேட்டால் பாதிப் பேர் தலையைச் சொறிகிறார்கள். "எங்கப்பா பார்த்து வச்சிருப்பாரு சார்" என்கிறார்கள். இன்னும் சிலர் பர்ஸைத் திறந்து லாமினேட் பண்ணிய வாக்காளர் அட்டையைக் காட்டி, "இதோ இருக்கே!" என்கிறார்கள். கோளாறே அங்கேதான் ஆரம்பம். உத்திரமேரூர் கல்வெட்டு, குடவோலை முறை என்று ஆரம்பித்து உங்கள் மதியத் தூக்கத்தைக் கெடுக்கப் போவதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பாங்க் பாஸ் புக் இருக்கிறது, அதில் பத்தாயிரம் ரூபாய் என்று எழுதியும் இருக்கிறது. ஆனால் பாங்க் லெட்ஜரில் உங்கள் கணக்கே இல்லையென்றால் கவுண்ட்டரில் பணம் கொடுப்பார்களா? மாட்டார்கள். வாக்காளர் அட்டை பாஸ் புக் மாதிரி. வாக்காளர் பட்டியல்தான் லெட்ஜர். பட்டியலில் பெயர் இருந்து அட்டை இல்லையென்றால் வேறு அடையாளத்தைக் காட்டி ஓட்டுப் போட்டுவிடலாம். அட்டை இருந்து பட்டியலில் பெயர் இல்லையென்றால் அட்டையைத் திரும்பப் பர்ஸில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பி.காம். படித்த எனக்கு இது பளிச்சென்று புரிகிறது. படிக்காதவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

1993-ல் டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் கமிஷனராக இருந்தபோது போட்டோ அட்டைத் திட்டம் வந்தது. அதிலிருந்து நம் ஜனங்களுக்கு 'அட்டை வந்தாச்சு, ஓட்டு வந்தாச்சு' என்று மனசில் பதிந்துவிட்டது. அது எவ்வளவு தப்பு என்று 2025 டிசம்பரில் தெரிந்தது. சிறப்புத் தீவிரத் திருத்தம் என்ற பெயரில் அந்த வருஷம் நவம்பர் 4-ம் தேதி முதல் வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாங்கினார்கள். டிசம்பர் 19-ம் தேதி வரைவுப் பட்டியல் வந்தது. 6 கோடியே 41 லட்சம் பேர் இருந்த தமிழ்நாட்டுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்களைக் காணோம்! இறந்தவர்கள் சுமார் 27 லட்சம், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் மூன்று லட்சத்துச் சொச்சம். மீதி 66 லட்சத்துச் சொச்சம் பேர் யார் தெரியுமோ? 'வீடு மாறிப் போனவர்கள், விலாசத்தில் இல்லாதவர்கள்' என்று எழுதப்பட்டவர்கள். பிறகு மனுப் போட்டுப் பலர் திரும்பச் சேர்ந்தார்கள். ஆனாலும் அத்தனை பேர் பர்ஸிலும் அன்று அட்டை பத்திரமாக இருந்ததே, அது என்ன செய்தது?

வீடு மாறுகிறவர் யார்? சொந்த வீட்டில் ஈஸிசேர் போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரா? இல்லை சார், நீங்களும் நானும்தான். ரூமுக்கு ரூம், மேன்ஷனுக்கு மேன்ஷன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிற சம்பளக்காரர்கள்.

சரி, ஓட்டு எங்கே இருக்கவேண்டும்? உதாரணத்துக்கு ஒரு குயிலாப்பாளையம் பையனை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், 'நம்ம ஆள்' போதும். வயது 26. கணக்கு எழுதும் உத்தியோகம். காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, புதுச்சேரியில் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து படுக்கிறார். இவருக்கு ஓட்டு எங்கே? வானூர் தொகுதி. சந்தேகமே இல்லை. சம்பளம் எங்கே வருகிறது, வண்டி நம்பர் என்ன, எந்தக் கடையில் டீ குடிக்கிறார் என்பதெல்லாம் கணக்கில் வராது. 1950-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கேட்பது ஒன்றே ஒன்று: 'நீ சாதாரணமாகக் குடியிருப்பது எங்கே?'

தமிழில் சொன்னால், படுத்து எழுந்திருக்கிற இடம். இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. வீடு வாசல் இல்லாமல் பிளாட்பாரத்தில் படுப்பவருக்கும் ஓட்டுரிமை உண்டு. அவர் மனுப் போட்டால், வாக்குச்சாவடி அலுவலர் ராத்திரி வேளையில் போய் அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்கவேண்டும் என்பது தேர்தல் கமிஷனின் விதி. ஒரு ராத்திரி இல்லை, ஒன்றுக்கு மேற்பட்ட ராத்திரிகள். அப்படிப் பார்த்துவிட்டால் வேறு சான்றே தேவையில்லை. பிளாட்பாரத்துக்காரருக்கு இவ்வளவு செய்கிற சட்டம், மேன்ஷன்காரருக்குச் செய்யாதா?

இப்போது நம்ம ஆளை நகர்த்துவோம். அவருக்கு முத்தியால்பேட்டையில் ஒரு அத்தை. புதுச்சேரியில் தொகுதிகள் சின்னவை. 2021 கணக்கில் ஒரு தொகுதிக்குச் சராசரி 33 ஆயிரம் வாக்காளர்கள்தான். வானூரில் இரண்டு லட்சத்துக்கு மேல். அதாவது புதுச்சேரி வேட்பாளர் தெருத் தெருவாக வந்து, "தாத்தா, கண் ஆபரேஷன் ஆயிடுச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போவார். நம்ம ஆளுக்கு ஆசை வருகிறது. வண்டியை அத்தை வீட்டு விலாசத்தில் பதிவு பண்ணியது போல ஓட்டையும் அங்கேயே பதிவு பண்ணிவிட்டால் என்ன?

பண்ணக்கூடாது. அங்கே குடியிருக்கவில்லையென்றால் அது பொய் வாக்குமூலம். அதே சட்டத்தின் 31-வது பிரிவின்படி ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். இங்கேயும் இருக்கட்டும், அங்கேயும் இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் பெயரை வைத்திருப்பதும் கூடாது. 17, 18-வது பிரிவுகள் அதைத்தான் சொல்கின்றன. ஒரு ஆளுக்கு ஒரு தொகுதியில் ஒரே இடம். எல்லைக் கோடு தெருவில் ஓடலாம், உங்கள் ஓட்டை இரண்டாக வெட்ட முடியாது.

சொந்த வீடு இருக்கிறதே என்பார்கள் சிலர். திண்டிவனத்தில் பூர்வீக வீடு, சென்னை அம்பத்தூரில் பத்து வருஷமாகக் குடித்தனம். வீடு சொந்தம் என்பதால் மட்டும் ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார் என்று சட்டத்தின் 20-வது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. மறுபக்கம், தற்காலிகமாக வெளியூர் போனதால் குடியிருப்பு போய்விடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆறு மாசம் டிரெயினிங்குக்குப் பெங்களூர் போன பையனின் ஓட்டு குயிலாப்பாளையத்திலேயே இருக்கலாம். கல்யாணம் பண்ணி, கேஸ் கனெக்ஷன் வாங்கி, குழந்தையை அங்கேயே ஸ்கூலில் சேர்த்தவர், 'என் ஓட்டு ஊரில்தான்' என்று அடம் பிடித்தால் அது பாசம். சட்டம் இல்லை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், எந்த ஊர்த் தண்ணீர்க் குழாயில் காற்று வந்தால் உங்களுக்குக் கோபம் வருகிறதோ அந்த ஊரில் ஓட்டு இருப்பதுதான் நியாயம்.

(இந்த வட்டாரத்தில் ஓட்டே இல்லாதவர்களும் உண்டு. ஆரோவில்லில் நாற்பது வருஷம் இருந்து சரளமாகத் தமிழ் பேசும் வெளிநாட்டுக்காரருக்கும் இந்தியக் குடியுரிமை இல்லாதவரை ஓட்டு கிடையாது. இன்னொரு தமாஷ், புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் தமிழர்கள். 2022 ஏப்ரலில் பிரான்ஸ் ஜனாதிபதி தேர்தலுக்குப் புதுச்சேரியிலேயே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். பாரிஸ் அரண்மனையில் யார் உட்காரலாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. தங்கள் தெருவுக்கு எம்.எல்.ஏ. யார் என்று சொல்ல உரிமை இல்லை.)

பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். தேர்தல் கமிஷனின் ஆப்பில் அட்டை நம்பரைத் தட்டினால் தெரிந்துவிடும். 1950 என்ற நம்பருக்குப் போன் போட்டும் கேட்கலாம். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.

இல்லையென்றால்? முதல் தடவை சேருகிறவருக்கு ஃபாரம் 6. ஏற்கெனவே ஒரு இடத்தில் இருந்து வீடு மாறியவருக்கு ஃபாரம் 8. பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் அதுதான், புதுச்சேரியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தாலும் அதுதான். பெயரில் எழுத்துப் பிழை, தொலைந்துபோன அட்டை, எல்லாவற்றுக்கும் ஃபாரம் 8-தான். கல்யாணமாகி வந்திருக்கும் மனைவியின் பெயர் அவருடைய அம்மா வீட்டுப் பட்டியலிலேயே தூங்கிக்கொண்டிருக்கும். அதையும் கையோடு மாற்றிக் கொடுத்து நல்ல பெயர் வாங்கலாம். (வருஷத்தில் கிடைக்கும் ஒன்றிரண்டு சந்தர்ப்பங்களில் இது ஒன்று.)

வளைகுடா நாட்டில் இருக்கும் அண்ணனுக்கு ஃபாரம் 6ஏ. பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் விலாசத்தில் பெயர் சேரும். ஆனால் ஓட்டுப் போட ஒரிஜினல் பாஸ்போர்ட்டோடு நேரில் வரவேண்டும். பிளேன் டிக்கெட் அவர் செலவு.

வயது 18 ஆகியிருக்கவேண்டும். 1989-க்கு முன்பு 21. முன்பெல்லாம் ஜனவரி 1-ம் தேதி கணக்கு ஒன்றுதான். ஜனவரி 2-ம் தேதி பிறந்த துரதிர்ஷ்டசாலி முழுசாக ஒரு வருஷம் காத்திருப்பான். 2022-லிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு மாதங்களின் முதல் தேதியும் கணக்கு. 17 முடிந்தவுடனேயே மனுவைக் கொடுத்து வைத்துவிடலாம். காலேஜில் கால் வைத்திருக்கும் தம்பி வீட்டில் இருந்தால் சொல்லுங்கள்.

மனுவைத் தேர்தல் கமிஷன் வெப்சைட்டிலேயே போடலாம். பழக்கமில்லையென்றால் தாலுகா ஆபீஸ். குயிலாப்பாளையத்துக்காரர்களுக்கு வானூர். அதைவிட எளிது, உங்கள் பகுதி வாக்குச்சாவடி அலுவலர். 'பி.எல்.ஓ.' என்பார்கள். பெரும்பாலும் அங்கன்வாடி டீச்சராகவோ பள்ளிக்கூட வாத்தியாராகவோ இருப்பார். சுருக்கத் திருத்தம் நடக்கும் காலத்தில் சனி, ஞாயிறு முகாமும் உண்டு. நீங்கள் ஓட்டுப் போடும் அதே பள்ளிக்கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். எதற்கும் ஒரு பைசா கட்டணம் கிடையாது. 'நூறு ரூபாய் கொடு, நான் பார்த்துக்கறேன்' என்று யாராவது சொன்னால் அந்த நூறுக்கு நீங்களே பரோட்டா சாப்பிடலாம்.

வயதுக்கு ஒரு சான்று, விலாசத்துக்கு ஒரு சான்று, ஒரு போட்டோ. வயதுக்குப் பிரச்னை இல்லை, பத்தாம் வகுப்பு மார்க் லிஸ்ட்டே போதும். விலாசம்தான் பிரம்மச்சாரிகளைக் கொல்கிற சமாசாரம். கரண்ட் பில் ஹவுஸ் ஓனர் பெயரில். பதிவு செய்த வாடகைப் பத்திரம் கேட்கலாம் என்றால், அட்வான்ஸுக்கே ரசீது தராத மகானுபாவர் அவர்! பயப்படாதீர்கள். பாங்கில் போய் விலாசத்தை மாற்றி, புது விலாசத்தோடு பாஸ் புக்கை வாங்கிக்கொள்ளுங்கள். அது செல்லும். ஆதாரில் விலாசம் மாற்றியிருந்தால் அதுவும் செல்லும். காலேஜ் ஹாஸ்டல் மாணவர் என்றால் கல்வி நிறுவனத் தலைவர் கொடுக்கும் சான்று போதும். எதுவுமே இல்லையா? நேரில் வந்து விசாரித்து எழுத பி.எல்.ஓ.வுக்கு அதிகாரம் இருக்கிறது. அவர் வருகிற நேரத்தில் நீங்கள் ரூமில் இல்லாமல், பக்கத்து ரூம்காரரும், "அவரா? எப்ப வருவாரோ, எப்ப போவாரோ" என்று சொன்னால் அவர் என்னதான் எழுதுவார்? பக்கத்து ரூம்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஒரு டீயும் வாங்கிக் கொடுங்கள்.

மனு போனதும் ஒரு நம்பர் தருவார்கள். ஆட்சேபம் சொல்ல ஏழு நாள் அவகாசம். பிறகு முடிவு. தள்ளுபடி ஆனால் பதினைந்து நாளுக்குள் கலெக்டரிடம் அப்பீல் பண்ணலாம். அங்கேயும் ஆகவில்லையென்றால் முப்பது நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். இது நிறையப் பேருக்குத் தெரியாது. 'ரிஜெக்ட்' என்று வந்ததும் லாட்டரிச் சீட்டைக் கிழித்தது போலக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள்.

இங்கே ஒரு தேதியைச் சொல்லியாகவேண்டும். வேட்புமனுத் தாக்கலுக்குக் கடைசி நாள் முடிந்தபின் பட்டியலில் யார் பெயரையும் சேர்க்கக்கூடாது. இது சட்டம். அந்தக் கடைசி நாளுக்கு முன்பே ஏழு நாள் ஆட்சேப அவகாசம் ஓடி முடியவேண்டும் என்பதால், பத்து நாள் முன்னதாக மனு போயிருந்தால்தான் நிம்மதி. 2021-ஐ எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 26-ல் தேர்தல் அறிவிப்பு. மார்ச் 19 வேட்புமனுவுக்குக் கடைசி நாள். ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. சுவரெல்லாம் சின்னம், ஊரெல்லாம் மைக் செட் என்று தேர்தல் 'களை' கட்டுவது மார்ச் கடைசியில். நம்ம ஆள் அப்போது சுறுசுறுப்பாகி ஃபாரம் தேடினால், கதவு மூடி இரண்டு வாரம் ஆகியிருக்கும். கட்சிக்காரர் வீட்டு வாசலுக்கு வந்து கும்பிடும்போது பட்டியலைப் பற்றி யோசிப்பது, மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தபின் ரவை வறுக்கிற கதை.

'ஒரு ஓட்டுதானே, போனால் போகிறது' என்கிறவர்களுக்காகச் சில கணக்குகள். 2016-ல் ராதாபுரத்தில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் 49 ஓட்டு. அதே வருஷம் நம் பக்கத்து ஜில்லா காட்டுமன்னார்கோயிலில் 87. 2021-ல் சென்னை தியாகராய நகரில் 137. தி.நகர் எது? தெருவுக்குத் தெரு மேன்ஷன், மாடிக்கு மாடி வாடகைக் குடித்தனம், ஆபீஸ் போகிறவர்களின் கோட்டை. அந்த 137 பேரை ஒரே தெருவிலிருந்து கூப்பிட்டு வந்துவிடலாம். அந்தத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க 72 சதவிகிதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. சென்னை ஜில்லா 60-ஐத் தொடவில்லை. நம் விழுப்புரம் ஜில்லாவைப் பாருங்கள், 2024 ஜூலையில் விக்கிரவாண்டி இடைத்தேர்தலில் 82 சதவிகிதம்! கிராமத்துக் கிழவி கம்பு ஊன்றிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போகிறார். கழுத்தில் டேக் மாட்டியவர்தான் லீவு நாளில் போர்வைக்குள் இருக்கிறார்.

வெளி மாநிலக் கதையும் உண்டு. 2004-ல் கர்நாடகாவில் சந்தேமரஹள்ளி தொகுதியில் ஒரே ஒரு ஓட்டில் முடிவானது. 40,752-க்கு 40,751. தோற்றவரின் டிரைவர் அன்று ஓட்டுப் போடவே இல்லை என்று பத்திரிகைகளில் வந்தது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாராம்! 2008-ல் ராஜஸ்தானின் நாத்துவாராவிலும் ஒரே ஓட்டுதான். தோற்றவர் அந்த மாநிலத்தில் தம் கட்சியின் தலைவர்.

டிரைவர் என்றதும் லீவு சமாசாரம் ஞாபகம் வருகிறது. "போடணும்தான் சார், முதலாளி லீவு தரணுமே!" இது நம்ம ஆள்களின் நிரந்தரப் புலம்பல். தந்தே ஆகவேண்டும். 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135பி என்று ஒரு பிரிவு உண்டு, 1996-ல் சேர்த்தது. கடை, கம்பெனி, பாக்டரி எதுவானாலும், ஓட்டு உள்ள ஊழியருக்கு வாக்குப்பதிவு நாளில் விடுமுறை, சம்பளம் பிடிக்கக்கூடாது. தினக்கூலிக்கும் இது உண்டு. ஆள் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரிய நஷ்டமோ வரும் என்கிற வேலைகளுக்கு மட்டும் விலக்கு. மீறுகிற முதலாளிக்கு அபராதம் ஐந்நூறு ரூபாய் வரை. (நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. 'ஐந்நூறா? எங்க ஆபீஸ் ஒரு நாள் டீச் செலவே அதுக்கு மேல!' என்கிறீர்கள். என்ன செய்ய, பிரிவு சேர்த்த காலத்து விலைவாசி அது.)

ஆபீஸ் ஒரு மாநிலம், ஓட்டு ஒரு மாநிலம் என்றால்? 2011, 2016, 2021 மூன்று தடவையும் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. ஆகவே அந்தத் தடவைகளில் எல்லையோரப் பையன்களுக்குத் தொல்லை இருக்கவில்லை. (அந்தப் பக்கம் கடை மூடினால் இந்தப் பக்கம் போகலாம் என்று கணக்குப் போட்டவர்களுக்கும் இதனால் அப்போது ஏமாற்றம். இரண்டு பக்கமும் 48 மணி நேரம் ஷட்டர் இறங்கியிருந்தது.) பெங்களூரில் வேலை பார்ப்பவருக்குத்தான் சங்கடம். அங்கே அது சாதாரண வேலை நாள். ஆனால் தொகுதிக்கு வெளியே வேலை பார்ப்பவருக்கும் இந்த விடுமுறை உண்டு என்று தேர்தல் கமிஷன் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மேனேஜரிடம் கேட்கும்போது, "ஊருக்குப் போகணும் சார், பாட்டிக்கு உடம்பு சரியில்ல" என்று பாட்டியைப் படுக்கையில் தள்ளவேண்டாம். "எனக்கு ஓட்டு இருக்கு சார், 135பி" என்று ஒரு மெயில் அனுப்புங்கள். தபால் ஓட்டு கேட்டு அலைந்து பயனில்லை. அது ராணுவத்தார், தேர்தல் பணியாளர்கள், 85 வயது தாண்டியவர்கள், ஊனம் 40 சதவிகிதத்துக்குக் குறையாதவர்கள் மாதிரியான சில பிரிவினருக்குத்தான். தனியார் கம்பெனி கிளார்க்குக்கு இல்லை.

அன்றைய தினம் என்ன எடுத்துப் போவது? வாக்காளர் அட்டை. இல்லையென்றால் ஆதார், பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டிய பாங்க் அல்லது போஸ்ட் ஆபீஸ் பாஸ் புக், நூறு நாள் வேலை அட்டை என்று கமிஷன் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நம் ஊரில் சகலத்துக்கும் செல்லுகிற ரேஷன் ஸ்மார்ட் கார்டு அதில் இல்லை! பூத் ஸ்லிப் மட்டும் கொண்டுபோனாலும் 2019-லிருந்து செல்லாது. அது எந்தச் சாவடி, எத்தனையாம் நம்பர் என்று பார்க்கத்தான். ஆபீஸ் ஐ.டி. கார்டும் சர்க்கார், பொதுத்துறை, பப்ளிக் லிமிடெட் கம்பெனி என்றால்தான் செல்லும். பிரைவேட் லிமிடெட் டேக்கை வீட்டிலேயே கழற்றி வையுங்கள்.

போன் பைத்தியங்களுக்கு ஒரு செய்தி. சாவடிக்குள் போன் கூடாது. வாசலில் கொடுத்துவிட்டுப் போக ஏற்பாடு செய்வதாகக் கமிஷன் 2025-ல் அறிவித்தது. ஓட்டுப் போடுவதை செல்ஃபி எடுக்க முடியாது. விரலை மட்டும் வெளியே வந்து எடுத்துக்கொள்ளலாம்.

உள்ளே முதல் அதிகாரி உங்கள் பெயரையும் நம்பரையும் உரக்கப் படிப்பார். ஸ்கூலில் அட்டெண்டன்ஸ் எடுத்தது ஞாபகம் வரும். உரக்கப் படிப்பது எதற்கு? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜெண்டுகளின் காதில் விழத்தான். 'இவர் அவரில்லை' என்று ஒரு ஏஜெண்ட் ஆட்சேபிக்கலாம். அதற்கு அவர் இரண்டு ரூபாய் டெபாசிட் கட்டவேண்டும். ஆமாம் சார், இரண்டே ரூபாய்! ஆட்சேபம் பொய் என்றால் அதுவும் போச்சு. அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, ரிஜிஸ்தரில் கையெழுத்து வாங்கி, ஒரு சீட்டுத் தருவார். அந்த மை 1962-லிருந்து மைசூரில் கர்நாடக அரசு கம்பெனியில் தயாராகிறது. மூன்றாமவர் சீட்டை வாங்கி மெஷினைத் திறந்துவிடுவார். நீல பட்டனை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் நீங்கள் போட்ட சின்னத்தோடு ஒரு சீட்டு ஏழு செகண்ட் தெரியும். நல்லாப் பார்த்துக்கொள்ளுங்கள். 'பீப்' சத்தம் வந்தால் முடிந்தது. யாரையும் பிடிக்கவில்லையா? 2013-லிருந்து கடைசியில் 'நோட்டா' பட்டன் இருக்கிறது.

போகிறபோதே, "உங்க ஓட்டைப் போட்டாச்சே!" என்று சொல்லிவிட்டால்? 2018-ல் வந்த 'சர்கார்' படத்துக்குப் பிறகு 49பி என்று சின்னப் பையன்கள்கூடச் சொல்கிறார்கள். விதி உண்மைதான். அடையாளத்தை நிரூபித்தால் உங்களுக்கு ஓட்டுரிமை உண்டு. ஆனால் மெஷினில் இல்லை, காகிதச் சீட்டில். அந்தச் சீட்டு உறைக்குள் போகும். வாக்கு எண்ணும் நாளில் அந்த உறையைப் பிரிக்க மாட்டார்கள். கோர்ட்டில் வழக்கு வந்து நீதிபதி சொன்னால்தான் பிரிப்பார்கள். சினிமாவில் இந்த இடத்தில் பின்னணி இசை ஓடியதால் பலருக்குக் கேட்கவில்லை. ஆகவே காலையிலேயே போய்விடுவது உத்தமம். உங்களுக்கு முன்னால் வேறொருவர் நீங்களாக மாற நேரம் இருக்காது.

சென்னையிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் முதல் நாள் ராத்திரியே கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்துவிடுங்கள். நம்ம ஆள் மாதிரி, "காலைல கிளம்பினா மத்தியானம் போயிடலாம்" என்று இருந்தால், திண்டிவனத்தில் டிராபிக், சாவடி வாசலுக்கு வரும்போது மணி ஆறடிக்க ஐந்து நிமிஷம் என்று ஆகும். அப்படி ஆனாலும் திரும்பிப் போகாதீர்கள். முடியும் நேரத்துக்குள் வரிசையில் நின்றவர் அத்தனை பேரும் போடலாம், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. அதிகாரி வந்து சீட்டுக் கொடுப்பார். முன்னாலிருந்து இல்லை, வால் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். கடைசியில் நிற்கிறவருக்கு ஒன்றாம் நம்பர். அதற்குப் பின்னால் ஓடி வந்து ஒட்டிக்கொள்ள யாராலும் முடியாது.